இரைச்சலை இரைச்சலால் அழிப்பது

அத்தியாயம் 7

பாவூர்சத்திரம் வானொலி கேட்பதற்கு நல்ல ஊர். தென்கிழக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருநெல்வேலி நிலையத்தின் மத்திய அலை, 1197 கிலோஹெர்ட்ஸ். ஏறக்குறைய அதே திசையில் இன்னும் தள்ளிப் போனால் தூத்துக்குடியின் 200 கிலோவாட், 1053-இல். கடலைத் தாண்டினால் இலங்கைப் புத்தளத்தின் 882. காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் திறந்தால் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் தமிழ்நாட்டு ஹாம்களும் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ஹாம்களும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கெடுப்பது இரைச்சல்தான். திருநெல்வேலி – தென்காசி சாலையை ஒட்டி மரம் அறுக்கும் மில்கள், அரிசி ஆலைகள். சந்தையில் எல்இடி விளக்குகள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், தோட்டத்துக்குத் தோட்டம் பம்புசெட். இவை சேர்ந்து, வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஊசியை 7-க்கு மேலே நிறுத்திவிட்டால், எஸ் 5 பலத்தில் வரும் குரல் அடியில் புதைந்துவிடும். வாங்கியின் பெருக்கத்தைக் கூட்டினால் இரைச்சலும் அதே அளவு கூடும். வடிகட்டி போட்டாலும் தீராது, ஏனென்றால் இரைச்சல் நாம் கேட்கும் அதே அலைவரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த அத்தியாயம் அதற்கான ஒரு வழியைச் சொல்கிறது: இரைச்சலை மட்டும் தனியாகப் பிடிக்கும் இரண்டாவது ஆண்டெனா ஒன்றை வைத்து, அதில் வரும் இரைச்சலைத் தலைகீழாக்கி, முதல் ஆண்டெனாவில் வரும் இரைச்சலோடு சேர்த்து அழிப்பது. இதைச் செய்யும் பெட்டிகள் கடையில் விற்கின்றன, வீட்டிலும் செய்துகொள்ளலாம். ஆனால் வேலை பெட்டியில் குறைவு. அந்த இரண்டாவது ஆண்டெனாவை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. விலை உயர்ந்த பெட்டியை வாங்கி, ஆண்டெனாவை ஏனோதானோவென்று தொங்கவிட்டு, ‘இது வேலை செய்யாது’ என்று அலமாரியில் ஏற்றியவர்கள் பலர். அந்த முடிவுக்கு நீங்கள் வரக் கூடாது என்பதற்காகவே ஆண்டெனா பகுதியை நீளமாக எழுதியிருக்கிறேன்.

எப்படி நடக்கிறது

வானொலி அலை ஏறி இறங்கிக்கொண்டே பயணம் செய்கிறது. ஒரே அலையை இரண்டு கம்பிகள் வாங்கினால், தள்ளி நிற்கும் கம்பிக்கு அது சற்றுப் பிந்தி வந்து சேரும். ஒரு முழு ஏற்ற இறக்கத்தை 360 டிகிரி என்று வைத்து இந்தப் பிந்தலை அளந்தால் அதுவே கட்ட வேறுபாடு. 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். அலை வரும் திசையிலேயே பத்தரை மீட்டர் தள்ளி நிற்கும் கம்பிக்கு அது கால் சுற்று, அதாவது 90 டிகிரி பிந்துகிறது.

இரண்டு கம்பிகளிலிருந்தும் வரும் மின்னழுத்தத்தைக் கூட்டும்போது, இரண்டும் ஒரே அளவாகவும் சரியாக 180 டிகிரி எதிராகவும் இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். ஊஞ்சலை ஒருவர் முன்னே தள்ளும் அதே கணத்தில் இன்னொருவர் அதே பலத்தோடு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் அது நின்ற இடத்தில் நிற்கும், அதே கணக்கு. ஆகவே பெட்டியில் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: அளவைச் சரிசெய்ய ஒரு குமிழ், கட்டத்தை நகர்த்த ஒரு குமிழ்.

இரைச்சல் அழியும்போது நிலையத்தின் ஒலி ஏன் அழிவதில்லை? எண்களை வைத்துப் பார்ப்போம். மாடியில் கட்டிய முதன்மை ஆண்டெனாவில் மில் இரைச்சல் 100 மைக்ரோவோல்ட், நண்பரின் குரல் 30 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில் பக்கத்துச் சுவரோரம் வைத்த சிறிய இரண்டாவது ஆண்டெனாவில், அதாவது உணர் ஆண்டெனாவில், இரைச்சல் 200, குரல் 6. உணர் ஆண்டெனாவின் அளவைப் பாதியாக்கினால் இரைச்சல் 100, குரல் 3. இப்போது கட்டத்தைத் திருப்பி இரைச்சலை எதிரெதிராக்கிக் கூட்டினால், 100-ம் 100-ம் அடித்துக்கொண்டு போகும். குரலுக்கு 30-இலிருந்து 3 கூடலாம் அல்லது குறையலாம்; எப்படிப் பார்த்தாலும் 27-க்குக் குறையாது. இரைச்சலுக்கும் குரலுக்கும் உள்ள விகிதம் இரண்டு ஆண்டெனாக்களிலும் வேறு வேறாக இருப்பதுதான் இந்த முறையின் உயிர். அந்த விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருந்து, கட்ட வேறுபாடும் ஒன்றாக இருந்தால், இரைச்சலோடு சேர்ந்து குரலும் காணாமல் போகும்.

சரியாக 180 டிகிரியில் நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. அளவு பொருந்தியிருக்க, கட்டத்தில் 10 டிகிரி பிழை இருந்தால் இரைச்சல் 15 டெசிபல்தான் குறையும். 5 டிகிரி என்றால் 21 டெசிபல். 1 டிகிரிக்குள் கொண்டுவந்தால் 35. கட்டம் சரியாக இருக்க, அளவில் 1 டெசிபல் பிழை இருந்தால் 19 டெசிபலோடு நின்றுவிடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 5 டிகிரி பிழையோடு நின்றால்கூட 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் 9-க்கு இறங்கிவிடும். இரைச்சலுக்கு 10 டெசிபல் கீழே கிடந்த குரல் 10 டெசிபல் மேலே வந்துவிடும். எஸ் மீட்டரில் ஒரு புள்ளி 6 டெசிபல் என்பதால், 20 டெசிபல் என்பது மூன்று புள்ளிக்கு மேல். அந்த அளவு கிடைத்தால் அன்றாடத்துக்குப் போதும். 50 டெசிபலைத் துரத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

கட்டத்தை நகர்த்தி ஆண்டெனாக்களைக் கூட்டுவது புதிய வித்தை அல்ல. உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியில் 1056 இருமுனைக் கம்பிகள் 530 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப அந்தப் பெரிய அமைப்பை அசைக்க மாட்டார்கள். கம்பிகளுக்கிடையிலான கட்டத்தை மாற்றுவார்கள், பார்வை திரும்பிவிடும். அவர்கள் விண்மீன் பக்கம் கூட்டுகிறார்கள், நாம் மில் பக்கம் கழிக்கிறோம். நமக்கு இன்னும் பக்கத்தில், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றை 1990-களிலிருந்து நடத்தி வந்தது. தள்ளித் தள்ளி நிற்கும் வாங்கி ஆண்டெனாக்களில் ஒரே எதிரொலி எப்படி வேறுபட்டு விழுகிறது என்று ஒப்பிட்டு, 80 கிலோமீட்டருக்கு மேலே வீசும் காற்றை அளப்பது அதன் வேலை. ஆண்டெனாவின் இடம் மாறினால் கிடைக்கும் செய்தியும் மாறும் என்பதற்கு நம் மாவட்ட வாசலிலேயே சான்று இருக்கிறது.

எதிரியை முதலில் அடையாளம் காணுங்கள்

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் உணர் ஆண்டெனாவை எங்கே வைப்பது? ஆகவே பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள்.

வாங்கியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டு எந்த அறை, எந்தப் பொருள் என்று பிடித்துவிடலாம். பெரும்பாலும் மலிவான எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றில் ஒன்றாக இருக்கும். மாற்றக்கூடியதை மாற்றிவிடுங்கள். ஐம்பது ரூபாய் விளக்கை மாற்றித் தீரும் தொல்லைக்கு இரண்டு ஆண்டெனா கட்டுவது வீண் வேலை.

வெளியே என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் துணைமின் நிலையத்தை நிறுத்தும் நாள் உங்களுக்குப் பொன்னான நாள். முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். காலையில் மின்சாரம் போகும் முன் 1197 கிலோஹெர்ட்ஸ், 3.6 மெகாஹெர்ட்ஸ், 7.1 மெகாஹெர்ட்ஸ் மூன்றுக்கும் பக்கத்தில் நிலையமில்லாத இடத்தில் எஸ் மீட்டரைக் குறித்து வையுங்கள். மின்சாரம் போனதும் பேட்டரியில் அதே இடங்களை மறுபடி பாருங்கள். அதுதான் உங்கள் ஊரின் உண்மையான அமைதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மேல் எந்தப் பெட்டியாலும் தர முடியாது, ஆகவே எதிர்பார்ப்புக்கும் அதுவே எல்லை. ஊரே இருண்ட பிறகும் மிஞ்சும் இரைச்சல், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ தருவதாக இருக்கலாம். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் ஹாம் வானொலி வழியே செய்தி அனுப்பியதையும், 2023 டிசம்பர் 17, 18-இல் நம் தென்மாவட்டங்களில் வெள்ளம் வந்து மின்சாரமும் போனும் செத்துப் போனதையும் மறக்காதவர்கள், இந்த மிச்ச இரைச்சலைத் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் நீங்கள் கேட்கப்போவது அதனோடுதான்.

அடுத்தது நேரம். மரம் அறுக்கும் மில்லில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி இருந்தால், மில் ஓடும் நேரமெல்லாம் ஒரே சீரான சீறல் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது சட்டென்று அறுந்துவிடும். சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை. “அண்ணாச்சி, ரேடியோல இரைச்சல் எங்க இருந்து வருதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். மத்தியானம் மிஷின நிறுத்தும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குறை சொல்லும் தொனியில் போகாதீர்கள். அவர் பிழைப்பு அந்த மோட்டாரில் ஓடுகிறது.

நொடிக்கு ஒரு முறை ‘டிக்’ என்று அடித்தால் அது கடையம் பக்கம், மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி. வேலிக் கம்பியில் எங்கோ செடி உரசிப் பொறி பறக்கிறது என்று பொருள். செடியை வெட்டினால் தோட்டக்காரருக்கும் லாபம், நமக்கும் லாபம். ‘பர்ர்’ என்று தொடர்ந்து வரும் மின்கம்பி இரைச்சலுக்குக் குற்றாலச் சாரலே ஒரு சோதனை. சாரல் நனைத்ததும் இரைச்சல் அடங்கினால், கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பில் பொறி பறந்துகொண்டிருக்கிறது. ஈரம் அந்த இடைவெளியை மூடுவதால் அடங்குகிறது. நனைந்ததும் கூடினால், அழுக்குப் படிந்த பீங்கான் இன்சுலேட்டரில் கசிவு. ஆடிக் காற்றில் விட்டு விட்டு வந்தால் தளர்வு என்பது ஏறக்குறைய உறுதி. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்னகத்தில் புகார் செய்யுங்கள். நீங்களாகக் கம்பத்தைத் தட்டுவதும், இழுவைக் கம்பியை ஆட்டிப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவது.

திசையைக் கண்டுபிடிக்கச் சட்டைப்பை ரேடியோ போதும். மத்திய அலையில் நிலையமில்லாத இடத்தில் வைத்து, ரேடியோவைக் கிடைமட்டமாகச் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சல் இருக்கும் பக்கத்தை நோக்கும்போது ஒலி விழும். இரண்டு இடத்தில் நின்று பார்த்து, அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு கம்பத்தடியிலோ ஒரு மோட்டார் அறை வாசலிலோ போய் நிற்பீர்கள்.

உணர் ஆண்டெனா

இப்போது இதயப் பகுதிக்கு வருகிறோம். உணர் ஆண்டெனா நல்ல ஆண்டெனாவாக இருக்கக் கூடாது. அது நிலையங்களை மோசமாகவும் இரைச்சலை மிக நன்றாகவும் வாங்க வேண்டும். மூன்று முதல் ஆறு மீட்டர் நீளமுள்ள சாதாரண மின்கம்பி போதும். மொட்டை மாடியின் உச்சியில் ஏற்றாதீர்கள். தாழ்வாக, இரைச்சல் வரும் பக்கத்துச் சுவரோரமாக, முதன்மை ஆண்டெனாவிலிருந்து இடம் அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். முதன்மை ஆண்டெனாவான டைபோல் (இருமுனைக் கம்பி) மேற்கு மாடியில் இருக்க, மில் கிழக்கே என்றால், உணர் கம்பி கிழக்குக் காம்பவுண்டுச் சுவரில்.

கிடையாகவா நெட்டாகவா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் சர்வீஸ் வயர் வழியே இரைச்சல் வந்தால் நெட்டாக நிறுத்திய கம்பி நன்றாகப் பிடிக்கும். சாலையோரம் நீண்டு போகும் மின்பாதை என்றால் அதற்கு இணையாகக் கிடத்தியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சோதனை எளிது: வாங்கியில் உணர் ஆண்டெனாவை மட்டும் மாட்டி, இரைச்சல் முதன்மையில் வந்த அளவுக்காவது, முடிந்தால் அதைவிட அதிகமாக வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, தெரிந்த ஒரு நிலையத்தைப் போட்டு, அது முதன்மையைவிட இரண்டு எஸ் புள்ளியாவது கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் இடம் அமைந்துவிட்டது. இல்லையென்றால் மூன்று மீட்டர் நகர்த்தி மறுபடி. இந்தப் படியில் சோம்பல்படாதவர்களுக்குப் பிறகு குமிழில் வேலை ஐந்து நிமிடம்தான்.

மாடியில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இணையாக இரண்டு டைபோல் கட்டி ஒன்றை உணர் ஆண்டெனா என்று சொல்வது பலரும் செய்வது. இரண்டும் இரைச்சலையும் குரலையும் ஒரே விகிதத்தில் வாங்கும். இரைச்சல் அடங்கும்போது பட்டை முழுவதும் செத்துப்போனது போல இருக்கும்.

கேபிளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோஆக்ஸ் கேபிளின் வெளி உறை தானே ஓர் ஆண்டெனாவாகி, வீட்டு எர்த் வழியாக வரும் இரைச்சலை இரண்டு பக்கமும் கலந்துவிடும். அப்படிக் கலந்தால் எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற கணக்கே குலைந்துவிடும். இரண்டு கேபிள்களையும் ஆண்டெனா முனையில் 31 வகை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். உணர் ஆண்டெனாவுக்கு வீட்டு எர்த்தை எடுக்காமல் தோட்டத்தில் தனியாக ஒரு தண்டு அடித்து எர்த் கொடுங்கள். இரண்டு ஆண்டெனாக்களில் எது அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். இரைச்சல் அங்கிருந்துதானே வருகிறது என்று மின்கம்பிக்கோ மீட்டர் பெட்டிக்கோ நேரடியாக இணைப்புக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பெருக்கி சேர்த்த குட்டை ஆண்டெனாவை உணர் ஆண்டெனாவாக வைப்பவர்கள் 3591 கிலோஹெர்ட்ஸைத் திருப்பிப் பாருங்கள். அங்கே திருநெல்வேலி நிலையம் கேட்டால் அது 1197-இன் மும்மடங்கு. உங்கள் பெருக்கி வலுவான உள்ளூர் அலையில் திணறி அதைத் தானே உற்பத்தி செய்கிறது. 2250-இல் இரண்டு நிகழ்ச்சிகள் கலந்து கேட்டால் 1197-ம் தூத்துக்குடியின் 1053-ம் கூடியது. மத்திய அலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைப் பெருக்கிக்கு முன்னால் போட்டால் தீரும்.

பெட்டி

விலைக்கு வாங்குவதென்றால் டைம்வேவ் ஏஎன்சி-4, எம்எஃப்ஜே-1026, டிஎக்ஸ் இன்ஜினியரிங்கின் என்சிசி-2 ஆகியவை பெயர் பெற்றவை. எம்எஃப்ஜே நிறுவனம் 2024 மே மாதம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால் இனிப் பழையதுதான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். பாகங்களை வாங்கி வீட்டில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

கட்டம் நகர்த்தும் பகுதி இப்படி. ஃபெரைட் வளையத்தில் மூன்று கம்பிகளை முறுக்கிச் சேர்த்துப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். ஒன்று உள்வரவு. மற்ற இரண்டைத் தொடராக இணைத்து நடுப்புள்ளியை எர்த் செய்தால், இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான அலை கிடைக்கும். ஒரு முனையிலிருந்து 2.2 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், மறு முனையிலிருந்து 100 பிகோஃபாரட் மின்தேக்கி. இரண்டும் சேரும் இடத்திலிருந்து வெளிவரவு. குமிழைத் திருப்பும்போது அலையின் அளவு மாறாமல் கட்டம் மட்டும் நகரும். 7.1 மெகாஹெர்ட்ஸில் மின்தேக்கியின் மறிப்பு 224 ஓம் என்பதால், குமிழ் 224 ஓமில் நிற்கும்போது 90 டிகிரி. முழுவதும் திருப்பினால் 168 டிகிரி. உள்வரவின் இரு முனைகளை மாற்றும் சுவிட்ச் ஒன்று போட்டால் வட்டத்தின் மறுபாதியும் கைக்கு வரும். 1197-க்கு 100 பிகோஃபாரட் போதாது. 560 பிகோஃபாரட்டைச் சுவிட்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், வளையத்திலும் சுற்றுக்களைக் கூட்டுங்கள்.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே 12 டிகிரி போல எட்டாத இடம் மிஞ்சும். குமிழ் கடைசி வரை போயும் இரைச்சல் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் நீங்கள் அந்த இடைவெளியில் இருக்கிறீர்கள். உணர் ஆண்டெனாவின் கேபிளில் ஒரு மீட்டர் ஆர்ஜி-58 கூட்டுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 13 டிகிரி பிந்தல் தரும், குமிழ் நடுவுக்கு வந்துவிடும்.

வெளிவரவை ஜே310 போன்ற ஃபெட் தாங்கி வழியாகவே எடுக்க வேண்டும். 50 ஓம் சுமையை நேரடியாகக் கொடுத்தால் அளவு மாறாத தன்மை போய்விடும். அளவுக் குமிழுக்குக் கார்பன் பொட்டென்ஷியோமீட்டர் போடுங்கள், கம்பி சுற்றியது உயர் அலைவரிசையில் சுருளாக நடந்துகொள்ளும். எல்லாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து பேட்டரியில் ஓட்டுங்கள். சுவரில் செருகும் அடாப்டரைக் கொடுத்தால் பெட்டியே இன்னொரு இரைச்சல் மூலமாகிவிடும்.

ஒலிபரப்பும் ஹாம்களுக்கு: இந்தப் பெட்டி வழியாக ஒருபோதும் சக்தி போகக் கூடாது. ஐந்து வாட் போதும், ஃபெட்டும் பொட்டென்ஷியோமீட்டரும் கருகிவிடும். வாங்கிக்கெனத் தனி ஆண்டெனா நுழைவாய் உள்ள டிரான்ஸ்சீவரில் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், பேசும் பொத்தானை அழுத்தியதும் பெட்டி விலகி, அதன் பிறகே சக்தி கிளம்பும்படி ரிலே வரிசையை அமைத்துவிட்டு இறங்குங்கள். ஏஎன்சி-4, எம்எஃப்ஜே-1026 பெட்டிகளில் தானாக விலகும் ஏற்பாடு உண்டு. இருந்தாலும் முதலில் குறைந்த சக்தியில் சோதித்த பிறகே முழுச் சக்திக்குப் போகவும்.

குமிழைத் திருப்பும் வரிசை

கேட்க விரும்பும் நிலையத்துக்குப் பக்கத்தில், இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்தில் வாங்கியை நிறுத்துங்கள். தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடான ஏஜிசியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் இரைச்சல் குறையக் குறைய வாங்கி பெருக்கத்தைக் கூட்டி, நீங்கள் தேடும் இறக்கத்தைக் காதிலிருந்து மறைத்துவிடும். முதன்மையை மட்டும் வைத்து மீட்டரைக் குறியுங்கள். உணர் ஆண்டெனாவை மட்டும் வைத்து அதே எண் வரும்வரை அளவுக் குமிழைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டக் குமிழை மெதுவாக ஒரு கோடி முதல் மறு கோடி வரை கொண்டுபோங்கள். எங்காவது இரைச்சல் தணியும். தணியவே இல்லையென்றால் சுவிட்சை மாற்றி மறுபடியும்.

தணிந்த இடத்தில் கட்டத்தை விட்டுவிட்டு அளவைக் கொஞ்சம் அசையுங்கள், இன்னும் தணியும். மறுபடி கட்டம். மறுபடி அளவு. ஒவ்வொரு முறையும் அசைவு சிறிதாகிக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் ஆழமான இடம் மிகக் குறுகியது. விரலை வேகமாக ஓட்டினால் அதைத் தாண்டிப் போவது தெரியாமலே தாண்டிவிடுவீர்கள். கணினியோடு இணைக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வாங்கி வைத்திருப்பவர்கள் திரையில் இரைச்சல் தரை கீழே சரிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். அடங்கியதும் நிலையத்துக்கு வந்து ஏஜிசியைப் போடுங்கள். குமிழ்களின் நிலையை, அலைவரிசையோடும் இரைச்சலின் பெயரோடும் நோட்டில் எழுதி வையுங்கள்: ‘7.1, மில், கட்டம் 4, அளவு 6’ என்பது போல. மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரே அமைப்பு பட்டை முழுவதற்கும் பொருந்தாது. இரண்டு பாதைகளுக்கும் இருபது மீட்டர் நீள வித்தியாசம் இருந்தால், 100 கிலோஹெர்ட்ஸ் நகரும்போது கட்டம் இரண்டரை டிகிரி போல விலகும். 200 நகர்ந்தால் 5 டிகிரி, அதாவது அடக்கம் 21 டெசிபலுக்கு வந்துவிடும். கேபிள் நீளங்களை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்துகிறீர்களோ அவ்வளவு அகலமாக அடங்கும்.

ஒரு பெட்டி ஒரு திசையை மட்டுமே அடக்கும். மில்லை அடக்கினால் பின்னால் ஒளிந்திருந்த பக்கத்து வீட்டுச் சோலார் இன்வெர்ட்டர் வெளியே கேட்கும். அதைக் கண்டு சோர வேண்டாம். இரண்டும் ஒரே மின்பாதை வழியே வந்தால் இரண்டும் சேர்ந்தே விழுவதும் உண்டு. ஐப்பசி இடியின் கரகரப்பு அடங்காது. அது வானத்தின் பல பக்கத்திலிருந்தும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, கணத்துக்குக் கணம் கட்டம் மாறுகிறது. பக்கத்து இரைச்சல் நேராக வருவதால் நிலையாக நிற்கிறது, நாமும் அதை நிலையாக அழிக்க முடிகிறது.

நிலையத்தையே அடக்குவது

மத்திய அலைப் பிரியர்களுக்கு இந்தப் பெட்டியில் இன்னொரு பயன் உண்டு. இரவில் 1197-இல் வேறு நாட்டு நிலையம் ஏதாவது கேட்குமா என்று தேட, திருநெல்வேலியைத் தற்காலிகமாக அடக்க வேண்டும். இதற்கு உணர் ஆண்டெனா மோசமானதாக இருக்கக் கூடாது. ஒரே மாதிரியான இரண்டு நெட்டுக் கம்பிகளை, திருநெல்வேலியை நோக்கிய கோட்டில் இருபது மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். 1197-இன் அலைநீளம் 250 மீட்டர் என்பதால் அந்த இடைவெளி 29 டிகிரி. திருநெல்வேலியை அடக்கிய நிலையில், நேர் எதிரே வடமேற்கிலிருந்து வரும் அலை ஒற்றைக் கம்பியில் கிடைக்கும் அளவுக்கே ஏறக்குறையக் கிடைக்கும். குறுக்கே வருவது பாதியாகும். அரபு நாடுகள் நமக்கு அந்த வடமேற்குப் பக்கம்தான் இருக்கின்றன.

நாற்பது கிலோமீட்டருக்குத் தரைவழி அலையே பெரும்பங்கு என்பதால் பகலில் வைத்த அடக்கம் அசையாமல் நிற்கும். இருட்டிய பிறகு வானிலிருந்து திரும்பும் அலை கொஞ்சம் கலக்கும், அடக்கம் மெல்ல நழுவும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கட்டக் குமிழை மயிரிழை தொட்டுக்கொடுங்கள். தூத்துக்குடியின் 1053-இல் இந்த நழுவல் இன்னும் அதிகம்; தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் பழக்கத்துக்கு 1197-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெயில் இருக்கும்போதே.